வாறவையும் போறவையும்

எங்கட அத்தானுக்கு நவம்பர் பிறந்தால் ஒரு வருத்தம் தொடங்கும். காய்ச்சலும் இல்லை, தடிமனும் இல்லை, ரெலிபோன் வருத்தம். கன்ரீன் குசினியில தட்டுக் கழுவிற மெசினுக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கையைத் துடைச்சு, ரெலிபோனை எடுத்து, ஒரேயொரு பக்கத்தைத் திறந்து பாத்துப்போட்டு வைப்பார். கூட வேலை செய்யிற தமிழ்ச்சனம், மனிசன் ஊர் மரண அறிவித்தல் பாக்குதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கு. அது ஹெரன்ஸ் எண்ட பேஸ்போல் கிளப்பின்ர பக்கம். பனிக்காலத்தில விளையாட்டு இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில ஒரு லிஸ்ற் போடுவாங்கள்: அடுத்த வருசத்துக்கு ஆர் புதுசா வாறவை, ஆர் விட்டிட்டுப் போறவை எண்டு. அதுக்குத்தான் இந்தப் பாடு.

அத்தானின்ர பேர் அரியரத்தினம். என்ர அக்கா புஷ்பாவின்ர மனிசன். அறுபத்தொரு வயசு, அதில முப்பத்திரண்டு வருசம் ஜேர்மனியில, டுசல்டோர்ஃபில போட்டுது. நான் வத்சலா, இதே ஊரில பஸ் ஓட்டுறன். எனக்கு வாய் கூட எண்டு சனம் சொல்லும். சொல்லட்டும், பஸ் ஓட்டிப் பாத்தால் தெரியும்.

ஹெரன் எண்டால் கொக்காம். அத்தான் வாயைத் திறந்தால் கொக்குக் கதைதான். "இந்த முறை எறியிறவங்கள் ரெண்டு பேர் போறாங்கள், வத்சலா. கட்டாயம் ஆள் எடுக்கத்தான் வேணும். பின்னால நிண்டு பந்து பிடிக்கிற பெடியன் அவுஸ்ரேலியாவுக்குப் போட்டான், அங்க இப்ப வெய்யில்காலம் எல்லோ, திரும்பி வருவானோ தெரியாது. ரெண்டாம் மூலையில நிக்கிற மார்வினை இந்த வருசமாவது அனுப்பிப்போட்டு ஒழுங்கான கையுள்ள ஒருத்தனைப் பிடிக்கவேணும்." இப்பிடியே போகும். சோத்தில கறியை விட்டுக்கொண்டு, நான் தலையாட்டிக்கொண்டிருப்பன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுப்போட்டன்: "அத்தான், நீங்கள் உந்த லிஸ்ரில ஒரே ஒரு பேரைத்தானே தேடுறியள்? அதைச் சொல்லுங்கோவன்." மனிசன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போட்டார். அக்கா என்னைப் பாத்த பார்வை இருக்கே!

அவர் தேடுற பேர் யதுசன். அவற்ற ஒரே பெடியன். எறியிறவன். ஐஞ்சு வருசமா பேர்லினில இருக்கிறான், அங்கத்தைக் கிளப்புக்கு எறியிறான். தாயோட ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரெலிபோனில கதைப்பான். தேப்பனோட ஒரு சொல்லுக் கதைக்கிறேல்லை. அக்கா அவனோட கதைக்கேக்க ஸ்பீக்கரில போடுவா. அத்தான் குசினிக்குள்ள பாத்திரம் கழுவுற மாதிரி நிப்பார், ஆனால் பைப்பில தண்ணி ஓடாது. அவன் கதைச்சு முடிச்சு வைச்ச பிறகுதான் தண்ணிச் சத்தம் கேக்கும்.

இதுக்கெல்லாம் காரணம் ஒரு பென்சில் எண்டால் நம்புவியளோ? சொல்லுறன்.

யதுசனுக்குப் பத்து வயசு இருக்கேக்க, பள்ளிக்கூடத்தால ஒருநாள் இந்த விளையாட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனவை. பெடியன் வந்து, இனி இதுதான் எண்டு நிண்டுட்டான். அத்தான் கிரிக்கெற் பைத்தியம், இதென்ன கிரிக்கெற்றை முறிச்சுப்போட்ட மாதிரிக் கிடக்கெண்டு சிரிச்சுக்கொண்டுதான் கூட்டிக்கொண்டு போனவர். இஞ்ச கிளப் எண்டால் தாய் தேப்பன் சும்மா நிக்க ஏலாது. ஒருத்தர் கேக் செய்துகொண்டு வரவேணும், ஒருத்தர் புல்லு வெட்டவேணும். அத்தானுக்கு டொச்சுப் பாசையில அவ்வளவு கதை ஓடாது, ஆனால் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஸ்கோரருக்கு ஆள் இல்லையெண்டு சொல்ல, ஒரு சனி ஞாயிறு வகுப்புக்குப் போய்ச் சோதனையும் பாஸ் பண்ணி, லைசென்ஸோட வந்து நிண்டார். அந்த லைசென்ஸை வீசா கிடைச்சதுமாதிரி எங்கள் எல்லாருக்கும் காட்டினவர்.

ஸ்கோரர் எண்டால், வலைக்குப் பின்னால ஒரு மேசை, மேசையில ஒரு பெரிய தாள். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒவ்வொரு கட்டம். எறிஞ்சால் ஒரு குறி, அடிச்சால் ஒரு குறி, ஓடினால் ஒரு கோடு. அத்தான் நாலு பென்சிலைச் சீவி ஒரு பிஸ்கெற் ரின்னுக்குள்ள வைச்சுக்கொண்டு போவார். மழையெண்டால் தாளுக்குத்தான் குடை, தனக்கில்லை. அத்தினை வருசத்தில அவர் எழுதினதை ஒருத்தனும் பிழையெண்டு சொன்னதில்லை. வெளியூர்க் கிளப்புக்காரரும் "ஹேர் அரி", அரி ஐயா எண்டு மரியாதையாக் கைகுடுப்பினம். கன்ரீனில நாள் முழுக்க ஆவிக்குள்ள நிக்கிற மனிசனுக்கு, அந்த மேசைதான் ராசா கதிரை.

ஐஞ்சு வருசத்துக்கு முந்தி, ஓகஸ்ட் மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. யதுசனுக்கு இருபத்தொரு வயசு. நானும் அக்காவும் வடை கொண்டு போய் வாங்கில இருந்தனாங்கள். அண்டைக்குப் பெடியன் எறிஞ்ச எறி, கடவுளே, எதிராளியள் ஒருத்தனுக்கும் பந்து ஒழுங்கா மட்டையில படேல்லை. எனக்கு விளையாட்டு விளங்காது, ஆனால் சனம் மெல்ல மெல்லச் சத்தத்தை நிப்பாட்டினது விளங்கினது. அக்காவுக்குப் பக்கத்தில இருந்த ஒரு கிழவிதான் சொன்னது. எறியிறவனுக்கு ஒரு பெரிய கனவு இருக்காம்: ஒன்பது சுற்றும் எறிஞ்சு, ஒரு ஹிட் கூடக் குடுக்காமல் முடிக்கிறது. வாழ்நாளில ஒருக்கா வாய்ச்சால் பெரிய காரியமாம். அடிச்சவன் தன்ர கெட்டித்தனத்தால ஓடிச் சேர்ந்தால் அது ஹிட். பிடிக்கவேண்டியவன் கோட்டை விட்டு மற்றவன் ஓடிச் சேர்ந்தால் அது எரர். எரர் எத்தினை வந்தாலும் எறியிறவனுக்குக் குறையில்லை. ஒரு ஹிட் வந்தால் எல்லாம் போச்சு. எது ஹிட், எது எரர் எண்டு தீர்மானிக்கிறது அம்பயர் இல்லை. மேசையில இருக்கிற ஸ்கோரர்.

கடைசிச் சுற்று. அவுட்டாக்க இன்னும் ஒரே ஒருத்தன்தான். அடிச்ச பந்து உருண்டு நேர மார்வினிட்டைப் போகுது. என்ர பஸ்ஸில வாற பால்குடிப் பிள்ளையும் அதைப் பிடிச்சிருக்கும். அந்த மார்வின் குனிஞ்சான், பந்து அவன்ர ரெண்டு காலுக்கும் நடுவால போட்டுது. அடிச்சவன் ஓடிச் சேர்ந்திட்டான். சனம் முழுக்கத் திரும்பி மேசையைப் பாக்குது. போர்ட்டில ஹிட் எண்ட இடத்தில அதுவரைக்கும் பூச்சியம். அத்தான் குனிஞ்சு எழுதினார். பூச்சியம் ஒண்டாச்சு.

எதிர்ப்பக்கத்தைப் பழக்கிற ரெய்னரே மேசைக்கு வந்தவன். "எங்கட ஆள்தான் அடிச்சவன், ஆனால் இது எரர், ஹேர் அரி," எண்டவன். அத்தான் தலையை நிமித்தாமல், பந்து கல்லில பட்டு எகிறினது எண்டார். கல்லுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தனான்.

பின்னேரம் வீட்டை வந்து, சாப்பாட்டு மேசையில, யதுசன் கோவப்படாமல்தான் கேட்டவன். "அப்பா, ஸ்கோரர் எழுதினதை இருபத்திநாலு மணித்தியாலத்துக்குள்ள மாத்தலாம். ரூல் இருக்கு. நாளைக்குப் பின்னேரம் நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

"எழுதினது எழுதினதுதான்," எண்டார் அத்தான்.

"அது எரர்தானே?"

அத்தான் புட்டைப் பிசைஞ்சுகொண்டிருந்தார்.

"அந்த இடத்தில வேற ஒருத்தற்ற பிள்ளை எறிஞ்சிருந்தால் என்ன போட்டிருப்பியள்?"

பொய்யாவது சொல்லியிருக்கலாம். எங்கட அத்தானுக்கு அந்தக் கெட்டித்தனமும் இல்லை. "எரர்தான் போட்டிருப்பன்," எண்டார். "நீ என்ர பிள்ளை எண்டபடியால்தான் போடேல்லை. தன்ர பெடியனுக்குத் தானே எழுதிக் குடுத்திட்டான் எண்டு நாளைக்குச் சனம் சொல்லும். பதினொரு வருசம் ஒருத்தன் ஒரு சொல்லுச் சொல்ல விடேல்லை நான்."

யதுசன் கையைக் கழுவினான். அவ்வளவுதான். சண்டையில்லை, கத்தலில்லை. ஒக்டோபரில பேர்லினுக்கு வெளிக்கிட்டான். பந்தை விட்டவன் மார்வின், வீட்டை விட்டது எங்கட பெடியன்.

நான் அத்தானை ஐஞ்சு வருசமா இதுக்குத் திட்டினனான். ஆனால் எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இந்த வியாதி இருக்கு, பொய் சொல்லக்கூடாது. தன்ர பிள்ளையைத் தானே புகழ்ந்தால் நாவூறு படும். தன்ர பிள்ளைக்குத் தானே எடுத்துக் குடுத்தால் மானம் போகும். விழாவில சாப்பாடு பரிமாறினாலும் எங்கட பிள்ளையளுக்குக் கடைசியாத்தான் போடுவம், அதுவும் வடை முடிஞ்ச பிறகு. ஊரான் பிள்ளைக்கு நியாயம், எங்கட பிள்ளைக்கு மட்டும் நியாயத்துக்கும் மேல ஒரு கட்டுப்பாடு. பிள்ளையள் அதைப் பெருமையெண்டு எடுக்கும் எண்டு நினைக்கிறம். அதுகள் இஞ்ச பிறந்ததுகள், அதுகளுக்கு என்ன தெரியும்?

யதுசன் போன முதல் பனிக்காலம்தான் அத்தானுக்கு அந்த வருத்தம் பிடிச்சது. பெடியன் திரும்பி வரவேணுமெண்டால் அந்த லிஸ்ருக்குள்ளாலதான் வரவேணும் எண்டு மனிசன் எப்பிடியோ முடிவு கட்டிப்போட்டார். வீட்டுக்கு வா எண்டு கேக்க வாய் வராது. கிளப் கேக்கட்டும் எண்டு காத்திருந்தவர். அமெரிக்காவில இருந்து ஒருத்தனை எடுத்தால் ரெண்டு நாள் சாப்பாடு இறங்காது, யதுசன்ர இடம் போச்செண்டு. ஒருத்தன் தோள் நோவெண்டு விட்டிட்டுப் போனால், பாவம் எண்டு சொல்லிக்கொண்டே முகத்தில வெளிச்சம் வரும். நாலு பனிக்காலம் இப்பிடிப் போச்சு. நாலு லிஸ்ரிலயும் அந்தப் பேர் வரேல்லை.

இந்த முறை ரெண்டு பேர் ஒண்டாப் போகவும் அத்தானுக்குப் பொறுமை போட்டுது. தை மாசம், ஒரு சனிக்கிழமை, "என்னை ஒருக்கா ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு போ, எங்கட ரெய்னரோட கதைக்கவேணும்," எண்டார். பனிக்காலத்தில பெடியள் பள்ளிக்கூட ஜிம்முக்குள்ளதான் எறிஞ்சு பழகிறவை. உவே எண்ட எங்கட கிளப் ரெய்னர் நல்ல மனிசன், தாடிக்காரன். அத்தான் சுத்தி வளைச்சு, இடக்கை வலக்கை எல்லாம் கதைச்சு, கடைசியில கேட்டார்: யதுசனைக் கேட்டுப் பாத்தால் என்ன?

உவே தொப்பியைக் கழட்டி கையில வைச்சான். "கேட்டனான், அரி. வாறன் எண்டுதான் சொல்லுறான். ஆனால் ஒரு கதை சொன்னவன். மேசையில அப்பா இருந்தால் என்ர கை வேலை செய்யாது, ஒவ்வொரு பந்துக்கும் அந்தப் பக்கம்தான் பாப்பன் எண்டான். நான் சொல்லிப்போட்டன், அது ஏலாது, அரி பதினாறு வருசமா எங்களோட இருக்கிறார் எண்டு. அதோட நிக்குது."

எனக்கு அத்தானின்ர முகத்தைப் பாக்கேலாமல் கிடந்தது. மனிசன் ஒரு கணம் கூட யோசிக்கேல்லை. "என்ர பேரை வெட்டு," எண்டார். "அவனுக்கு இண்டைக்கே ரெலிபோன் அடிச்சுச் சொல்லு."

"ஸ்கோரர் இல்லாமல் எங்களுக்கு ஆட்டமே நடத்த ஏலாது, அரி."

அத்தான் திரும்பி என்னைக் காட்டினார். "இவள் இருக்கிறாள். பஸ் ஓட்டுறவள். நாலு பக்கமும் பாக்கத் தெரியும்."

எனக்கு வந்த விசருக்கு! பேஸ்போலில ஒரு கோதாரியும் தெரியாத என்னை, ஐம்பத்திமூண்டு வயசில, சனி ஞாயிறு வகுப்புக்கு அனுப்பினவர். திட்டித் திட்டித்தான் போனனான். போகாமல் என்ன செய்யிறது? பாஸ் பண்ணின அண்டைக்குப் பென்சில் ரின்னைக் கொண்டுவந்து என்ர கையில தந்தார். நாலும் புதுசாச் சீவிக் கிடந்தது.

மாசி மாசம், செவ்வாய்க்கிழமை, நான் கடைசித் தரிப்பில பஸ்ஸை நிப்பாட்டிப்போட்டு கோப்பி குடிச்சுக்கொண்டிருக்க, அத்தான் எடுத்தார். "வந்திட்டுது," எண்டார். நானே திறந்து பாத்தன். வாறவை எண்டதுக்குக் கீழ முதலாவதா: யதுசன் அரியரத்தினம், எறியிறவர். போறவை எண்டதுக்குக் கீழ மூண்டு பேர், கடைசியில உவே மரியாதைக்காகச் சேத்திருந்தான்: அரியரத்தினம், ஸ்கோரர், பதினாறு வருசம், நன்றி. இஞ்ச பிள்ளையளுக்குத் தேப்பன்ர பேர்தானே குடும்பப் பேர். மேலயும் அரியரத்தினம், கீழயும் அரியரத்தினம். அக்கா அதை அச்சடிச்சு பிறிட்ஜில ஒட்டினவ. ஒட்டிப்போட்டு அழுதவ.

வாறான் எண்டால் வீட்டை வருவான் எண்டு அவ அவன்ர அறையைக் கூட்டித் துடைச்சு, புதுத் துணி விரிச்சு வைச்சா. அவன் ரைன் ஆத்துக்கு அங்கால ஒரு கூட்டாளியோட அறை எடுத்திட்டான். ஊருக்குத்தான் திரும்பி வந்தவன், வீட்டுக்கு இல்லை.

சித்திரையில முதல் ஆட்டம். ஒரு குளிர், கை விறைக்குது. மைதானத்துக்கு வராமல் நிக்கிறன் எண்டு அத்தான் தானே சொல்லிப்போட்டார். உள்ள வந்து ஒரு மூலையில இருங்கோ, அவன் மேசையைத்தானே வேண்டாமெண்டவன், எண்டு சொல்லிப் பாத்தன். "அவன் நிம்மதியா எறியட்டும்," எண்டார். ஆனால் இடப்பக்க வேலிக்குப் பின்னால ஒரு பஸ் தரிப்பு இருக்கு, என்ர பாதைதான், எனக்குத் தெரியும். அதில இருந்தால் ஒண்டும் தெரியாது, ஒலிபெருக்கிச் சத்தம் மட்டும் கேக்கும். நான் ஆட்டத்துக்கு வரேக்க மனிசன் தொப்பியும் சால்வையுமா அதில இருக்கிறார். மூண்டு பஸ் வந்து போனதாம், ஏறேல்லை.

யதுசன் என்னைக் கண்டு கை காட்டினான். நல்லா எறிஞ்சான். நாலாம் சுற்றில ஒரு பந்து உருண்டு மார்வினிட்டைப் போகுது. ஓம், அதே மார்வின், அவனை இன்னும் அனுப்பேல்லை. அதே மாதிரிக் குனிஞ்சான், அதே மாதிரி விட்டான். இந்த முறை பெரிய கனவொண்டும் இல்லை, ஏற்கெனவே ரெண்டு ஹிட் போட்டுது. சின்ன விசயம். ஆனால் பக்கத்தில இருந்த ஒலிபெருக்கிக்காரன் என்னைப் பாத்தான், எதிர்ப்பக்க வாங்கில இருந்து ரெண்டு பேர் பாத்தாங்கள். சித்தி எண்டு அவனுக்குச் சாதகமா எழுதுறா எண்டு சொல்லுவாங்களோ எண்டு ஒரு நினைப்பு. என்ர கை ஹிட் எண்டு எழுதினது. நானா எழுதினன் எண்டு இண்டைக்கும் எனக்கு நம்பேலாமல் கிடக்கு. ஐஞ்சு வருசம் வாய் ஓயாமல் அந்த மனிசனைத் திட்டின நான்!

ஒலிபெருக்கியில ஹிட் எண்டு சொல்ல, யதுசன் திரும்பி மேசையைப் பாத்தான். கோவமில்லை. தெரிஞ்ச ஒண்டைத் திரும்பக் கண்ட மாதிரி ஒரு பார்வை. பிறகு குனிஞ்சு மண்ணைக் காலால தட்டிப்போட்டு அடுத்ததை எறிஞ்சான்.

ஆட்டம் வெண்டாச்சு. மேசைக்கு வந்து என்னைக் கட்டிப்பிடிச்சான். "வடிவாச் செய்தனீங்கள் சித்தி," எண்டான். அதைப் பற்றி ஒரு சொல்லுக் கேக்கேல்லை. "வீட்டை வாவன் மோனை, கொம்மா புட்டு அவிச்சு வைச்சிருக்கிறா," எண்டன். "இண்டைக்கு ஏலாது சித்தி, கூட்டாளியளோட போறன்." வேலிப் பக்கம் ஒருக்கா பாத்தான். தேப்பன் அங்க இருக்கிறது அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியேல்லை. பையைத் தோளில போட்டுக்கொண்டு மற்ற வாசலால போட்டான்.

அக்கா வீட்டுக்கு நானும் அத்தானும் ஒரே பஸ்ஸில வந்தனாங்கள். வீட்டை வந்து, கையைக் கழுவித் துடைச்சுப்போட்டு, "தாளைத் தா," எண்டார். குசினி மேசையில விரிச்சு, விரலை வைச்சுக் கட்டம் கட்டமா வாசிச்சார். அவருக்கு அது வாசிப்பில்லை, பெடியன் எறியிறதை அவர் அப்பத்தான் பாக்கிறார். சிரிச்சார், "அட" எண்டார், ஒரு இடத்தில கையைத் தட்டினார். நாலாம் சுற்றில விரல் நிண்டுது.

"இது எப்பிடிப் போன பந்து?"

"உருண்டு போனது. மார்வினிட்டை."

"கையில பட்டதோ?"

"கையில படேல்லை. காலுக்குள்ளால போனது."

"அப்ப இது எரர் எல்லோ? ஏன் ஹிட் போட்டனி?"

அத்தான் என்ர முகத்தைப் பாத்தார். நான் சொல்லாமலே விளங்கினது அவருக்கு. திட்டுவார் எண்டு பாத்தன், திட்டேல்லை. பென்சில் ரின்னைத் திறந்து, அழிறப்பரை எடுத்து என்ர பக்கம் தள்ளினார்.

"மாத்து, பிள்ளை. நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் நேரம் இருக்கு."

நான் அழிச்சுப்போட்டு எரர் எண்டு எழுதினன். அத்தான் குனிஞ்சு, தாளில கிடந்த அழிறப்பர்த் தூளை ஊதினார். அந்தக் கட்டத்தில விரலை வைச்சார்.

"அண்டைக்கும் இருபத்திநாலு மணித்தியாலம் இருந்தது, வத்சலா," எண்டார்.

அப்பத்தான் மனிசன் அழுதார். அறுபத்தொரு வயசு மனிசன், குசினி மேசையில தலையை வைச்சு, வாய்விட்டு அழுதார். அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைச்சுப்போட்டு அவருக்குப் பக்கத்தில இருந்தா. அடுப்பில புட்டு ஆறிக்கொண்டிருந்தது.